இந்த வருஷமும் சாஸ்தா கோயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு

ஜனவரி 29-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, ஒரு கையால் சின்னவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு, மார்ச் 30 ராத்திரி கிளம்பும் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போட்டேன். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னாடியே போட்டு வைத்துவிடலாம், 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. பலருக்கு இதில் வருத்தம் உண்டு. கைக்குழந்தை வைத்திருக்கிற எனக்கு இது ஒரு வகையில் வசதிதான், ஏனென்றால் நாலு மாதம் கழித்து சின்னவன் எப்படித் தூங்குவான், என்ன சாப்பிடுவான், யாரைப் பார்த்து அழுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாதம் என்றால் கொஞ்சம் கணக்குப் போட முடிகிறது.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது, பெர்த்தும் கிடையாது. பெரியவளுக்கு ஏழு வயது, அவளுக்குப் பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட். முதலில் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அவளையும் என்னுடனேயே படுக்கவைத்துப் பார்த்திருக்கிறேன். விடிய விடிய மூன்று பேரும் தூங்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் காசில் கை வைப்பதில்லை.

இந்த முறை பங்குனி உத்திரம் ஏப்ரல் 1, புதன்கிழமை. முந்தின நாள் மகாவீர் ஜெயந்தி, வெள்ளிக்கிழமை புனித வெள்ளி. நடுவில் இரண்டு நாள் லீவு எடுத்தால் ஞாயிறு வரைக்கும் ஆறு நாள் சேர்ந்தாற்போலக் கிடைக்கும். காலண்டரைப் பார்த்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார். கோயில் முடிந்து வியாழன் திருச்செந்தூர், வெள்ளி அவருடைய மாமா வீடு, சனி மதுரையில் என் அம்மா வீடு, ஞாயிறு ராத்திரி கிளம்பித் திங்கள் காலை சென்னை. கேட்க அழகாகத்தான் இருந்தது. நான் வியாழன் ராத்திரி ரயிலுக்குத் திரும்பும் டிக்கெட்டைப் போட்டேன்.

அவருக்கு முகம் சுருங்கியது உண்மை. ஆனால் போன வருஷப் பொங்கலை நான் மறக்கவில்லை, அவரும்தான் மறக்கவில்லை.

2025 பொங்கலுக்கு அரசு 17-ஆம் தேதியையும் விடுமுறையாக அறிவித்தது. 14 முதல் 19 வரை ஆறு நாள். சின்னவனுக்கு அப்போது எட்டு மாதம். போகி ராத்திரி கிளம்பினோம். பொங்கல் அன்று திருநெல்வேலியில் அத்தை வீடு, அங்கே விறகடுப்பு, மஞ்சள் குலை, கரும்பு எல்லாம் மனசுக்கு நிறைவாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மாட்டுப் பொங்கலுக்கு நாலு வீடு, காணும் பொங்கலுக்கு மூன்று வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பலகாரம், ஒரு காபி, ஒரு போட்டோ, பிள்ளையை ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு மாற்றுவது. யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் ஆசையாகக் கூப்பிட்டவர்கள், ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டை விட்டால் மனக்கஷ்டம் வரும் என்று நாங்களாகவே பயந்துகொண்டு போனோம்.

ஆறாவது வீட்டு வாசலில் பெரியவள் செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வா என்று கூப்பிட்டால் வரவில்லை, அழவும் இல்லை. "இது யாரு வீடு? இன்னும் எத்தனை வீடு இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, அதில் கோபம் இல்லை, களைப்பு மட்டும்தான். ஆறு வயதுப் பிள்ளை அப்படிக் களைத்துப் பேசக் கூடாது. அன்றைக்கும் நான் என்ன செய்தேன் என்றால், ஒரு லட்டைக் கையில் கொடுத்து, "அஞ்சு நிமிஷம்தான்டா" என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரம் இருந்தோம்.

அப்புறம் மதுரை, ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம், அன்று ராத்திரியே பஸ். பஸ்ஸில் திருச்சி தாண்டும்போது சின்னவனுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. இருட்டில், ஓடுகிற பஸ்ஸில், போன் வெளிச்சத்தில் காய்ச்சல் மருந்தை மில்லி கணக்குப் பார்த்து ஊற்றின அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தோம், எட்டரைக்குப் பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பினேன். மத்தியானம் டெஸ்கில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள் என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார். வீட்டில் அரைத்த மாவு இல்லை, துவைக்க ஒரு மலை, எனக்குப் பத்து மணிக்கு மீட்டிங். அந்த வாரம் முழுக்க நாங்கள் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக்கொண்டே இருந்தோம். சின்னவன் பழையபடி ராத்திரி தூங்கப் பத்து நாளுக்கு மேல் ஆனது.

அப்படியென்றால் எங்கேயும் போகாமல் இருந்துவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பதிலாகவே படவில்லை. சென்னையில் எங்கள் அப்பார்ட்மெண்டில் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டு அக்காவும் வாட்ச்மேன் தாத்தாவும்தான். இவர்களுக்கு என்று ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் போட்டோ காட்டிப் புரியவைக்க முடியாது. அதனால்தான் எதைக் குறைத்தாலும் பங்குனி உத்திரத்தைக் குறைப்பதில்லை என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

வேறு ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பங்குனி உத்திரம் என்றால் பல ஊர்களில் முருகன் கோயில், காவடி, பழனிக் கூட்டம். நான் பிறந்த மதுரையிலும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கம் போன பிறகுதான் அன்றைக்கு அங்கே அவரவர் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போவார்கள் என்று தெரிந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் குளத்தங்கரையிலும் காட்டுக்குள்ளும் வயல் நடுவிலும் இருக்கிற சாஸ்தா கோயில்களுக்கு மும்பையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும்கூட ஆள் வந்து சேரும். வருஷம் முழுக்க ஆள் அரவமே இல்லாத இடத்தில் அன்று ஒருநாள் வேனும் காருமாக நிற்கும். எங்கள் வீட்டுக்கு அருஞ்சுனை காத்த அய்யனார், திருச்செந்தூர்ப் பக்கம் மேலப்புதுக்குடியில். சுற்றிலும் தேரி, அதாவது செக்கச்செவேல் என்று மணல்மேடு, பனை, முந்திரி. அந்தக் காய்ந்த மணலுக்கு நடுவில் கோயிலை ஒட்டி ஒரு சுனை. முதல் தடவை பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை.

போன வருஷம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, அங்கேதான் சின்னவனுக்கு மொட்டையும் காதுகுத்தும். பதினோராம் மாதம், ஒற்றைப்படை. பொங்கலில் பட்ட அடியில் இந்தத் தடவை ஒன்று முடிவு செய்திருந்தேன்: ஒரு பயணத்துக்கு ஒரு விசேஷம், அதற்கு மேல் கிடையாது. அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தயங்கினேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்வார் என்று நானே நினைத்துக்கொண்டேன். கடைசியில் போனில் சொன்னபோது அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பிள்ளையளத் தூக்கிட்டு நீ ஏம்மா வீடு வீடா அலையணும், அவங்க எல்லாரும் கோயிலுக்கு வரத்தானே போறாங்க, அங்க பாத்துக்கட்டும். வர முடியாதவுக முந்தின நாள் சாயந்திரம் நம்ம வீட்டுக்கு வரட்டும், நான் இடியாப்பம் அவிச்சுப் போடுதேன்" என்றார். அவ்வளவுதான். நான் வருஷக்கணக்காகப் பயந்துகொண்டிருந்த விஷயம் ஒரு இடியாப்பத்தில் முடிந்தது. முப்பது பேருக்கு மேல் வந்தார்கள், பிள்ளைகள் இருவரும் தங்கள் பாயும் தலையணையும் இருக்கிற வீட்டிலேயே இருந்தார்கள், தூக்கம் வந்ததும் சின்னவனை உள் அறையில் தொட்டிலில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நாலரைக்கு வேன். வெயில் ஏறினால் தேரி மணலில் கால் வைக்க முடியாது என்பதால் மொட்டையை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான், அவன்தானே தாய்மாமன், முதல் நாளே மதுரையிலிருந்து வந்துவிட்டான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் விரித்த ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னவனை மடியில் வைத்துத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தண்ணீரைத் தொட்டு உச்சியில் தடவியதும் பிள்ளை சிலிர்த்தது. கத்தி முதல் இழுப்பு இழுத்ததும், அந்தச் சுருட்டை முடி ஒரு கொத்து நழுவி அண்ணன் முழங்காலில் விழுந்தது. பிறந்தபோது இருந்த முடி. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்தபோது நான் முதலில் தொட்டது அதைத்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சின்னவன் அழவேயில்லை, விழுந்த முடியைப் பிடிக்கக் கை நீட்டினான். எல்லாம் காதுகுத்து வரைக்கும்தான். ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் எடுத்தார், அடுத்த நொடி தேரி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அலறல். அண்ணன் கண்ணிலும் தண்ணீர். சந்தனத்தைக் குழைத்துத் தலையில் பூசி, ஆச்சி வாயில் துளி சர்க்கரைப் பொங்கலை வைத்ததும் அழுகை விக்கலாக மாறி நின்றது.

பெரியவள் அந்த நேரத்தில் எங்கே இருந்தாள் என்றால், ஐந்தாறு பிள்ளைகளோடு சேர்ந்து பொங்கல் பானைக்குக் கல் கூட்டுவதற்கு ஒத்தாசை. பொங்கலின்போது ஆறு வீட்டில் ஒருத்தர் பெயர்கூட அவள் மனதில் நிற்கவில்லை. இங்கே அரை நாளில் யார் யாருக்கு யார் என்று அவளே வந்து எனக்குச் சொன்னாள். ஒரே இடத்தில் விட்டதால்தான் அது நடந்தது என்று நான் நம்புகிறேன்.

பதினோரு மணிக்கெல்லாம் வேனில் ஏறிவிட்டோம். மதியச் சாப்பாடு வீட்டில், தூக்கம், சாயந்திரம் மொட்டைத் தலைக்கு மறுபடி சந்தனம். சனிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி ஞாயிறு காலை சென்னை. திங்கள் சித்திரை ஒன்று, விடுமுறை. ஊரில் அன்றைக்குக் கனி காண்பார்கள், அது அவருக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம், விட்டுவிட்டு வருகிறோமே என்று அவருக்கு ஏக்கம் இருந்தது. ஞாயிறு ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் தாம்பாளத்தில் மா, பலா, வாழை, வெள்ளரிக்காய், கண்ணாடி, கொஞ்சம் காசு, அத்தை கொடுத்தனுப்பிய தாழம்பூக் குங்குமம் எல்லாம் வைத்து நாங்களே செய்தோம். காலையில் பெரியவள் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்பா கையைப் பிடித்து நடந்து வந்தாள்.

அந்த இரண்டு நாள் எங்களுக்கு எவ்வளவு வேலை செய்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அரிசி ஊறப்போட்டேன். துணி இரண்டு தவணையாகத் துவைத்தாயிற்று, முதல் தடவை மெஷின் அடியில் சிவப்பாக மணல் நின்றது. சின்னவன் தன் தொட்டிலில் மத்தியானம் இரண்டரை மணி நேரம் தூங்கினான். செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனவள் டைரியில் எதுவும் எழுதப்படாமல் திரும்பி வந்தாள்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் மூன்று விசேஷத்துக்கு நாங்கள் போகவில்லை. அதில் ஒன்று அவருடைய சித்தி மகளின் வளைகாப்பு. சித்தி இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் தனியாகப் போய்க் குழந்தையைப் பார்த்து, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்தோம். கொஞ்சம் இளகியிருக்கிறார், முழுக்க இல்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. என் கல்யாணத்துக்கு அவர் இரண்டு நாள் முன்னாடியே வந்து கூட நின்றவர்.

இப்போது பாக்கி இருப்பது ஒன்றுதான். வியாழன் ராத்திரி ரயில் என்றால் இந்தத் தடவை மதுரை கிடையாது, அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மே மாதம் பள்ளி லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் வந்து இருக்கிறேன் என்று சொல்லப் போகிறேன், அது நிஜமாகவே என் எண்ணம், ஆபீஸிலும் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். இருந்தாலும் அம்மா, "திருநெல்வேலி வரைக்கும் வந்துட்டு மதுரையில இறங்கலையா" என்றுதான் முதலில் கேட்பாள். ரயில் மதுரை வழியாகத்தான் போகிறது, நட்ட நடு ராத்திரியில். அண்ணன் வழக்கம்போல ஸ்டேஷனுக்கு வந்து நின்றாலும் நிற்பான். இன்றைக்குச் சின்னவன் தூங்கினதும் போன் பண்ண வேண்டும்.