புறப்படுவதற்கு முந்தைய நாள்

நாளை அதிகாலை விமானம் என்பதால், இன்று எங்கும் செல்லாமல் அக்காவின் வீட்டிலேயே இருந்துவிட்டேன். மூன்று வாரங்களாக ஓடி ஓடி எத்தனையோ இடங்களைப் பார்த்திருந்தாலும், இந்தப் பயணத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான நாள் இதுதான். பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிடக் கூடாதே என்று, அதை எடை பார்க்கும் கருவியின் மீது நிறுத்தி, குனிந்து எண்ணைப் படித்து, எனக்காக வாங்கிய சால்வையை வெளியே எடுப்பதும், பிறகு மனம் கேளாமல் அதையே மடித்து உள்ளே வைப்பதுமாக இருந்தார் அக்கா. நான் வந்த அன்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட அவருடைய மகள், இன்று மாலை முழுவதும் என் மடியைவிட்டு இறங்கவே இல்லை. அதிகம் பேசிக்கொள்ளவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. இப்போது எல்லோரும் உறங்கிவிட்டார்கள். வாசலருகே என் காலணிகளுக்குள் தன் சின்னஞ்சிறு காலணிகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் குழந்தை.