கடை நெட்வொர்க்கில் வைஃபை: கேபிளை எந்த போர்ட்டில் சொருகுவது?

பில்லிங் கவுன்டரில் இரண்டு கம்ப்யூட்டர், மாடியில் டேலி ஓடும் சிஸ்டம், ஒரு நெட்வொர்க் பிரின்டர், எல்லாம் 8 போர்ட் சுவிட்சில். பின்னால் இருக்கும் குடோனிலும் வைஃபை வேண்டும். உடனே ஒரு ரூட்டரை வாங்கி வந்து, சுவிட்சிலிருந்து வரும் கேபிளை அதன் வான் (WAN) போர்ட்டில், அதாவது இன்டர்நெட் லைன் உள்ளே வரும் போர்ட்டில், சொருகிவிடுவார்கள். இன்டர்நெட் வரும். ஆனால் மொபைலில் தேடினால் பிரின்டர் வராது. புது ரூட்டர் தனக்குப் பின்னால் இன்னொரு நெட்வொர்க்கையே உருவாக்கிவிடுகிறது. பிரின்டரைத் தேடும் அழைப்பு அதைத் தாண்டாது. பிரின்டரின் நெட்வொர்க் முகவரியான ஐபி எண்ணை நேராக அடித்தால் சில சமயம் பிரின்ட் விழும், அதில்தான் குழப்பமே.

வான் வேண்டாம் என்று, கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை இணைக்கும் லேன் (LAN) போர்ட்டில் அப்படியே சொருகினால் வேறு தலைவலி. ஒவ்வொரு கருவிக்கும் தானாக ஐபி எண் கொடுக்கும் டிஎச்சிபி (DHCP) இப்போது மெயின் ரூட்டர், புது ரூட்டர் என இரண்டு இடத்தில் ஓடுகிறது. முந்திப் பதில் சொல்வது எதுவோ, அதனிடம் கம்ப்யூட்டர் எண் வாங்கிக்கொள்ளும். புது ரூட்டரிடம் வாங்கிய கம்ப்யூட்டர் இன்டர்நெட்டுக்கும் அதையே வழியாகப் பிடிக்கும். அங்கே வழி இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் நெட் வரும், பக்கத்தில் வராது. லைன்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ (ipconfig /all) கொடுத்து, டிஎச்சிபி சர்வர் வரியில் இருப்பது மெயின் ரூட்டரின் எண்தானா என்று பாருங்கள்.

சரியான வழி இது. புது ரூட்டரைச் சுவிட்சில் மாட்டாமல், ஒரு லேப்டாப்பை மட்டும் அதில் இணையுங்கள். மெயின் ரூட்டர் 192.168.1.1, அது 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை எண் கொடுக்கிறது என்றால், புதியதன் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்கள். ஒரே நெட்வொர்க், ஆனால் கொடுக்கும் வரிசைக்கு வெளியே. பிறகு அதில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, சுவிட்சிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் சொருகுங்கள். வான் போர்ட் காலியாகவே கிடக்கட்டும். மெனுவில், ரூட்டரை வைஃபை மட்டும் பரப்பும் கருவியாக மாற்றும் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் இத்தனையும் ஒரே கிளிக்.

கேபிளில் சிக்கனம் வேண்டாம். முழுக் காப்பர் கேட்6 வாங்குங்கள். 100 மீட்டர் வரை போகலாம். அலுமினியத்துக்குத் தாமிரப் பூச்சு கொடுத்த மலிவுக் கேபிளில், கேபிள் வழியே கரன்ட் அனுப்பும் பிஓஇ போட்டால் ஆக்சஸ் பாயின்ட் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகலாம். கேபிளில் கரன்ட் ஏற்றும் 24 வோல்ட் இன்ஜெக்டரும், 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் கரன்ட் கொடுக்கும் சுவிட்சும் ஒன்றல்ல; ஆக்சஸ் பாயின்ட்டின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கேபிள் முனையில் பிளக் மாட்டும் க்ரிம்பிங்கில் நீலம் அல்லது பழுப்பு ஜோடி சரியாக உட்காரவில்லை என்றால், கிகாபிட் லைன் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். லைட் எரிகிறதே என்று விட்டுவிடுவார்கள்.

குடோனில் இரும்பு ரேக்தான் எதிரி. ரேக்குக்குப் பின்னால் சுவரில் மாட்டாமல், நடைபாதைக்கு நேர் மேலே, ரேக் உயரத்தைத் தாண்டி மாட்டுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் பக்கத்துக் கடை வைஃபையோடு மல்லுக்கு நிற்கும். முன்கடைக்கும் குடோனுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, வேறு வேறு சேனல். பில்லிங் கம்ப்யூட்டரும் டேலியும் எப்போதும் போல வயரிலேயே இருக்கட்டும்.

வாடிக்கையாளருக்கு ‘கெஸ்ட்’ வைஃபை கொடுப்பதில் ஒரு ஓட்டை உண்டு. வீட்டு ரூட்டர்கள் பலவற்றில், ஆக்சஸ் பாயின்ட் மோடுக்குப் போனதும் கெஸ்ட் பிரிவு பெயருக்குத்தான். வந்தவர் மொபைல் நேராகக் கடை நெட்வொர்க்கில் நிற்கும். கெஸ்ட்டில் சேர்ந்து 192.168.1.1 அடித்துப் பாருங்கள். லாகின் பக்கம் திறந்தால் தடுப்பு இல்லை. அப்போது கெஸ்ட்டை மெயின் ரூட்டரிலேயே வைத்து, இதே சோதனையை அங்கேயும் செய்யுங்கள். குடோன் வரை கெஸ்ட் வேண்டும் என்றால் ரூட்டர், சுவிட்ச், ஆக்சஸ் பாயின்ட் மூன்றுக்கும் ஒரே கேபிளில் நெட்வொர்க்குகளைப் பிரித்து அனுப்பும் விலேன் (VLAN) தெரிந்திருக்க வேண்டும். சாதாரண 8 போர்ட் சுவிட்சை வைத்துக்கொண்டு அது நடக்காது.