சொன்னதும் சொல்லாததும்

“ரத்தம் உறையச் சுணங்குது எண்டு போட்டிருக்கு, பிறகேன், மகன், உறையாமலிருக்க அஸ்பிரின் குடுக்கிறாங்க?”

நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லாப்புக்கு, மட்டக்களப்பு மண்முனைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அம்மா. மகளுக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் வருத்தம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஏ.பி.ரி.ரி சோதனையில் நேரம் நீண்டிருந்தது, டி-டைமர் என்ற இன்னொரு ரத்தச் சோதனையும் கூடியிருந்தது. நீல மூடிக் குழாயில் ரத்தம் கோடு வரை இருந்ததா என்று முதலே பார்த்திருந்தேன், குறைவாக எடுத்தால், உறையாமலிருக்கக் குழாயில் போட்டிருக்கும் சிட்ரேட் மிஞ்சியே நேரம் நீண்டுவிடும். இது அப்படியில்லை.

ரிப்போர்ட்டை விளக்குவது எங்கள் வேலை இல்லை, அந்தக் கட்டுப்பாடு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கிளினிக் நாள் வருவதற்குள் அவர் குளிசையை நிற்பாட்டிவிட்டால்? அந்தப் பயத்தில் வாயைத் திறந்தேன். லூபஸ் உள்ள சிலரின் ரத்தத்தில் ஒரு எதிர்ப்பொருள் இருக்கும், நாங்கள் சோதனைக்குச் சேர்க்கும் கொழுப்புப் பொருளை அது பிடித்துவைப்பதால் குழாயில் உறையப் பிந்தும், உடம்புக்குள்ளேயோ அதுவே ரத்தத்தைக் கட்டவைக்கும், அது இருக்கிறதா என்பதற்கு வேறு சோதனை உண்டு, இருந்தாலும் 12 கிழமை கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும், எப்படியோ குளிசையை விடாதீங்க என்றேன்.

தலையாட்டினார். அப்புறம் டி-டைமரில் விரலை வைத்து, “அப்ப வருத்தம் கூடிட்டா?”

“அதை டொக்டர்தான் சொல்லணும்.”

“அதைச் சொன்னீங்க, இதைச் சொல்ல மாட்டீங்களா?”

கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. டி-டைமர் என்பது உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துண்டு. லூபஸ் கிளம்பினால் அழற்சியாலேயே கூடும், எங்காவது ரத்தம் கட்டியிருந்தாலும் கூடும், சாதாரணக் கிருமித் தொற்றிலும் கூடும். சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள், டி.என்.ஏ எதிர்ப்பொருள், சிறுநீரில் புரதம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது, இதெல்லாம் சேர்ந்தால்தான் பதில். இதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ‘கட்டியிருந்தாலும்’ என்ற ஒரு சொல்லோடு அந்த அம்மா பஸ் ஏறியிருப்பார், அன்றிரவு அந்த வீட்டில் யார் நித்திரை கொண்டிருப்பார்கள்? இப்படி நினைத்தால் நான் செய்தது சரி. ஆனால் சொல்லாமல் விட்டதால் மட்டும் நித்திரை கொண்டிருப்பார்களா என்ன.

டி-டைமரைப் பற்றி யார் கேட்டாலும் இப்போதும் டொக்டரிடம்தான் அனுப்புகிறேன். குளிசையை நிற்பாட்டாதீங்க என்பதை மட்டும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அதுவும் கட்டுப்பாட்டுக்கு வெளியேதான்.