வேடியப்பன் கல், மூன்றாம் வரி

நவம்பர் 14, வெள்ளி
மழை. நடுகல்லின், அதாவது செத்த வீரனுக்கு நட்ட கல்லின், எழுத்தை ஈரத்தாளில் மை ஒற்றிப் படியெடுக்க வந்திருக்கிறேன். காகிதக் கட்டைப் பிரிக்கவே இல்லை.

நவம்பர் 15, சனி
காலையில் மழை விட்டது. வேப்பனப்பள்ளி தாண்டியதும் போனில் கர்நாடக சிக்னல். ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் குப்பம் தெலுங்கு, டீக்கடையில் தமிழோடு மூன்றும் கலந்து ஓடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் போசள அரசன் ராமநாதன் திருச்சிப் பக்கத்துக் கண்ணனூரை விட்டு வந்து உட்கார்ந்த குந்தாணி இந்த வட்டாரம்தான். இன்றைக்கு ராகிக் கொல்லையும் புளியமரமும்.

நம்ம கல் அவனுக்கும் பல நூற்றாண்டு முந்தியது. போசளர் காலத்துக் கல்லென்றால் அடுக்கடுக்காக இருக்கும்: கீழே சண்டை, நடுவில் தேவலோகத்து அரம்பையர் வீரனைத் தூக்கிப் போவது, மேலே லிங்கம். இதில் ஒரே ஆள். கையில் வில், மார்பில் அம்பு, காலடியில் கெண்டியும் (மூக்குள்ள செம்பு) சிமிழும். தலைக்கு மேல் நாலு வரி வட்டெழுத்து, பழைய தமிழ் எழுத்து. ஐந்தாவது வரி இடது ஓரமாக இறங்கி மண்ணுக்குள் போகிறது.

மூன்றாம் வரிக் கடைசியில் இரண்டு எழுத்து தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு
எண்ணெய். விரல் வைத்த இடமெல்லாம் எண்ணெய்.

நவம்பர் 18, செவ்வாய்
பூசை நாள். இந்த ஊருக்கு இது நடுகல் இல்லை, வேடியப்பன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிறைய நடுகல் இந்தப் பெயரில்தான் பிழைத்திருக்கிறது. சாமி என்று கும்பிடாமல் விட்டிருந்தால் எப்போதோ வரப்புக்குப் போயிருக்கும். ஆனால் வருஷக்கணக்காக ஊற்றிய எண்ணெயும் மஞ்சளும் எழுத்துப் பள்ளத்தில் இறுகி நிற்கிறது. எண்ணெய் இருக்கிற இடத்தில் ஈரக் காகிதம் ஒட்டாது.

பூசாரியிடம் கேட்டேன். "கழுவிக்கங்க தம்பி, காயிதமும் ஒட்டிக்கங்க. மண்ண மட்டும் தொடாதீங்க. அவன் நிக்கிற மண்ணு அது."

"சரிங்க ஐயா" என்றேன். ஐந்தாம் வரி அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

நவம்பர் 19, புதன்
காலை முழுக்கக் கழுவியது. வெதுவெதுப்பான தண்ணீர், தேங்காய் நார், மெதுவாக வட்டம் வட்டமாக. கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. எண்ணெயோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். சுண்ணாம்பும் சாக்பீஸும் போட்டு எழுத்தை வெளுப்பாக்கிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அவர்கள் வெள்ளை தீட்டுவது கல்லில் இருக்கிற எழுத்தை இல்லை, தாங்கள் படித்ததாக நினைக்கிற எழுத்தை.

நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு துறையில் நீர்ப்படை ஒன்று. நடுவதற்கு முன் கல்லை நீராட்டுவது. கழுவும்போது அதே நினைப்பு.

மதியம் முதல் படி. கெட்டுப்போனது. வெயில் ஏறிவிட்டது, மேல் பாதி காய்ந்து கல்லை விட்டு எழும்பி நின்றது. அதன் மேல் மை ஒற்றினால் பள்ளமும் கறுக்கும். கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 20, வியாழன்
மூடாப்பு, காற்று இல்லை. இதுதான் நாள்.

கல்லை நனைத்து, மேப்லித்தோ என்கிற அச்சுத்தாளையும் நனைத்து, மேலிருந்து கீழே விரித்தேன். பிரஷால் தட்டுவது நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்று நடுவில் மாட்டிக் கொப்புளமாகும். இழுத்துத் தேய்க்கக் கூடாது, செங்குத்தாகத் தட்டினால்தான் தாள் எழுத்துக்குள் இறங்கும். கிழிந்தால் அந்த இடத்தில் ஈரத்துண்டு ஒன்றை வைத்துத் தட்டிவிடலாம்.

பிறகு காத்திருப்பு. எல்லாப் படியும் கெடுவது இங்கேதான். புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், தண்ணீர் மினுமினுப்பு தெரியக் கூடாது. தாள் சாம்பல் நிறத்திலிருந்து வெளுக்கத் தொடங்கும் நேரம். அதற்கு முன் ஒற்றினால் மை ஊறிப் பரவும்.

புகைக்கரியும் கருவேலம் பிசினும் கரைத்த மை. பிசின் கூடினால் பிசுபிசுக்கும், குறைந்தால் காய்ந்தபின் உதிரும். துணியில் கட்டிய பஞ்சு உருண்டையில் தொட்டு, முதலில் வெறும் கல்லில் தட்டி அதிக மையை இறக்கிவிட்டு, அப்புறம் தாளில். முதல் ஒற்றல் வெளிறித்தான் இருக்கும். நாலு சுற்று போனபின் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். அந்த நிமிஷத்துக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் மழையில் உட்காரலாம்.

உரித்ததும் பின்பக்கம் பென்சிலில் ஊர், தேதி, கல் பார்த்த திசை.

நவம்பர் 22, சனி
மழை. படியைச் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதல் வரி 'கோவிசைய', அரசன் பெயருக்கு முன் வருவது, சுத்தம். மூன்றாம் வரியில் 'தொறு' இருக்கிறது, ஆநிரை. புள்ளி இல்லாத எழுத்து, ஒகரமா ஓகாரமா என்பதைப் பொருளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பகரமும் வகரமும்கூட ஒன்றுபோலவே வளைகிறது. கடைசி இரண்டு எழுத்தில் 'மீட்டு' தொடங்குகிறதா, 'கொண்ட' தொடங்குகிறதா? மாட்டை மீட்டவனா, கவர்ந்தவனா? இரண்டுக்கும் கல் உண்டு. ஆனால் இவன் யார்?

நவம்பர் 24, திங்கள்
சாயங்காலம் கண்ணாடியால் பக்கவாட்டு வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தேன். கடைசி எழுத்தின் மேல் வளைவு தெரிந்தது. கீழே பொரிந்திருக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்
ராகி அறுப்பு, யானை இறங்கியிருக்கிறது. இருட்டினபின் கொல்லைப் பக்கம் போகக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். டார்ச் அடித்துப் பார்க்க முடியாது. பூசையில் மறுபடி எண்ணெய் ஊற்றிவிட்டார்கள். ஊற்றட்டும். கல் அவர்களுடையது.

நவம்பர் 27, வியாழன்
பூசாரியே கூப்பிட்டு அனுப்பினார். கார்த்திகை தீபத்துக்கு முன் கல்லைச் சுற்றி மண் அணைப்பார்களாம், அதற்காக ஒரு சாண் தோண்டுவார்களாம். "அப்ப வந்து பாத்துக்கங்க" என்றார். இரண்டு தாள் தனியாக வெட்டி வைத்திருக்கிறேன், ஒன்றரை அடி நீளம்.