“ஒரு செட் எவ்வளவு வரும் அண்ணே?”

மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து எந்தப் பக்கம் மோட்டாரை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு செம்பனை ஆலையின் புகைப்போக்கி கண்ணில் படும். அதற்குச் சாயம் பூசவும், எண்ணெய்த் தொட்டியின் துருவைச் சுரண்டவும், சைலோ என்கிற உயரமான சேமிப்புக் கலத்தின் வெல்டிங்கைச் சோதிக்கவும் இப்போதெல்லாம் சாரம் கட்டாமல் கயிற்றிலேயே இறங்கிவிடுகிறார்கள். தோட்டத்துப் பையன்களுக்கு இந்த ரோப் ஆக்சஸ் வேலைமேல் ஆசை வந்திருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாயைத் திறந்ததும் கேட்பது சாமான் விலையைத்தான், “ஒரு செட் எவ்வளவு வரும் அண்ணே?”

ஆன்லைனில் செட் என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் முதுகில் மட்டும் ஒரு வளையம் வைத்த ஹார்னஸ், அதாவது உடம்பில் மாட்டும் பட்டைக் கச்சை. மேடையில் நின்று வேலை செய்கிறவன் தவறி விழுந்தால் பிடித்து நிறுத்த அது போதும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் வேலையில் ஹார்னஸ்தான் நாற்காலி, மணிக்கணக்கில் அதில்தான் உட்கார்ந்திருக்கப் போகிறோம். அதனால் தொப்புள் உயரத்தில் ஒரு வளையம் கட்டாயம் வேண்டும் (லேபிளில் இஎன் 813, இஎன் என்பது ஐரோப்பியத் தரக் குறி), நெஞ்சில் இன்னொன்று (இஎன் 361), இடுப்பின் இரண்டு பக்கமும் இருந்தால் இன்னும் நல்லது (இஎன் 358). முதுகு வளையத்தில் அசையாமல் தொங்குகிறவனுக்குக் கால் பட்டை தொடையை இறுக்கி, ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களில்கூட மயக்கம் வரலாம்.

கடைக்குப் போனால் வேலைக்குப் போடுகிற அதே கால்சட்டையோடு போங்கள். கால் பட்டையை இறுக்கியபின் விரித்த உள்ளங்கை உள்ளே நுழைய வேண்டும், மடக்கிய முஷ்டி நுழையக் கூடாது. பிறகு எங்காவது தொங்கவிடச் சொல்லி, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கயிறு வாங்குவதற்கு முன் அது எதன்மேல் உரசப் போகிறது என்று யோசிக்க வேண்டும். சுவர் ஏறும் விளையாட்டுக்கான கயிறு ரப்பர் மாதிரி இழுபடும், அதில் இறங்கி நின்று வேலை செய்ய முடியாது. நமக்கு வேண்டியது இஎன் 1891 ஏ வகை, பொதுவாக 10 முதல் 11 மில்லிமீட்டர் தடிமன். 22 கிலோநியூட்டன் தாங்கும் அந்தக் கயிறும் தொட்டி விளிம்பின் கூரான தகட்டில் பாரத்தோடு உரசினால் அறுந்துபோகும், ஆகவே விளிம்புக்கு உறை போடாமல் இறங்காதீர்கள். பாய்லர் பக்கம் சூடு வேறு. நைலான் உருகும் பொருள், அமிலம் பட்டாலும் கெடும். பாலியெஸ்டர் அமிலத்தைத் தாங்கும், ஆனால் கடுமையான காஸ்டிக் சோடாவைத் தாங்காது. ஆலையில் எதை ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வேலைக் கயிறு ஒன்று, காப்புக் கயிறு ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிப் பிடிமானம், இதில் பேரம் கிடையாது. இறங்கும் கருவியிலும் காப்புக் கருவியிலும் எத்தனை மில்லி கயிறு என்று பொறித்திருக்கும். அது கயிற்றோடு பொருந்தாவிட்டால் ஒன்று சிக்கும், இல்லையென்றால் வழுக்கும்.

அப்புறம் ஹெல்மெட். ஆலை வாசலில் கொடுக்கிற மஞ்சள் தொப்பி, தாடை வார் இருந்தால்கூட, பெரும்பாலும் இஎன் 397தான். எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை நெரிக்காமல் இருக்க அந்த வார் 150 முதல் 250 நியூட்டனுக்குள் கழன்றுவிடும். தரையில் அது நல்ல ஏற்பாடு. கயிற்றில் இருப்பவன் குப்புறச் சுழன்றால் தொப்பி தலையிலேயே நிற்க வேண்டும், அதற்கு இஎன் 12492 தரத்து வார் தேவை, அது 500 நியூட்டன் வரை விடாது.

போலிகளும் நிறைய உலவுகின்றன. இந்த வகைப் பாதுகாப்புச் சாமானில் சிஇ என்ற ஐரோப்பியக் குறிக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்க வேண்டும், அதோடு தயாரித்த தேதியும் தொடர் எண்ணும். யாரோ பயன்படுத்திய கயிற்றை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள், அது எங்கே என்ன பட்டது என்று யாருக்குத் தெரியும்? சொந்தக் கயிற்றையும் வேலைக்கு முன் முழு நீளமும் விரலுக்கிடையில் ஓடவிட்டுப் பாருங்கள். உள்ளே அடிபட்டிருந்தால் ஓரிடம் மட்டும் தட்டையாகவோ கொழகொழவென்றோ தட்டுப்படும். மேலுறை பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம்.

கயிற்று வேலைக்குச் சான்றிதழ் தரும் ஐராட்டா என்கிற சர்வதேசச் சங்கத்தில் முதல் படியான லெவல் 1 முடித்தவர் மேல்படியான லெவல் 3 ஆளின் மேற்பார்வை இல்லாமல் இறங்கக் கூடாது. ஆகவே முதல் ஹார்னஸை அந்த லெவல் 3 ஆளைக் கேட்டு எடுப்பதுதான் சரி.

ஒரு குத்தகைக்காரரிடம் சாமான் காசு என்று மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, அச்சட்டத்தின்கீழ் முதலாளி கொடுக்க வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள 26ஏ பிரிவு, உடனடி ஆபத்து இருக்கிறது என்று தக்க காரணத்தோடு நினைத்தால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையையும் தருகிறது. உங்களிடமும் பிடித்தால் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஜேகேகேபி என்கிற தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.