முதல் செமஸ்டர் கால்குலஸ்: எந்த இடத்தில் உழைப்பைப் போட வேண்டும்?

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் இன்ஜினியரிங் சேருகிறவர்கள், எந்தப் பிரிவாக இருந்தாலும், முதல் செமஸ்டரிலேயே ஒரு கணக்குப் பேப்பரைச் சந்திக்கிறார்கள். 2021 ரெகுலேஷனில் (பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதிகள்) அதன் பெயர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. 4 கிரெடிட், 5 யூனிட். இங்கே நான் சொல்லும் யூனிட், மார்க் விவரமெல்லாம் அந்த ரெகுலேஷனுக்கானவை. அந்தப் பேப்பரை எழுதி முடித்த பிறகு, ஹாஸ்டலில் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். யார் எந்த வரியில் நின்றுபோகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: பெரும்பாலானவர்களுக்குப் புதிய கால்குலஸ் நன்றாகவே புரிகிறது. பிளஸ் ஒன் கணக்குதான் கைவிட்டுப் போயிருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். யூலர் தேற்றத்தில் அடிக்கடி வரும் ஒரு கணக்கு. டேன் இன்வர்ஸுக்குள் ஒரு பின்னம்: மேலே எக்ஸ் கியூப் பிளஸ் ஒய் கியூப், கீழே எக்ஸ் மைனஸ் ஒய். இந்த முழுக் கோவையும் யூ. எக்ஸை யூ-வின் எக்ஸ் பகுதி வகைக்கெழுவால் பெருக்கி, ஒய்யை அதன் ஒய் பகுதி வகைக்கெழுவால் பெருக்கிக் கூட்டினால் சைன் 2யூ வரும் என்று நிறுவ வேண்டும். சமபடித்தான சார்பு என்றால், எக்ஸையும் ஒய்யையும் டி மடங்காக்கும்போது டி-யின் ஓர் அடுக்கு முழுசாக வெளியே வரும் சார்பு; அந்த அடுக்குதான் படி. அப்படிப்பட்ட சார்புக்கு இந்தக் கூட்டுத்தொகை, படி பெருக்கல் சார்பு என்பதுதான் யூலர் தேற்றம். இதில் யூ சமபடித்தான சார்பே கிடையாது. டேன் யூ-தான் சமபடித்தானது, அதன் படி 2. இந்த இடத்தைப் பிடித்துவிட்டால் தேற்றத்தை டேன் யூ-வுக்குப் போட்டு, செக் ஸ்கொயர் யூ-வால் வகுக்க வேண்டியதுதான். புதிய பாடம் அதோடு முடிந்துவிட்டது. கடைசியில் கையில் நிற்பது 2 சைன் யூ காஸ் யூ. அது சைன் 2யூ என்பது பிளஸ் ஒன் முக்கோணவியல். இவ்வளவு தூரம் சரியாக வந்துவிட்டு, இந்தக் கடைசி வரியில் பேனாவை வைத்துவிட்டு யோசிக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். அத்தனை உழைப்பும் பழைய சூத்திரம் ஒன்று ஞாபகத்துக்கு வராததால் நிற்கிறது.

அதனால் கவுன்சிலிங் முடிந்து வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கும் இடைவெளியையும், இண்டக்‌ஷன் நாட்களின் மாலை நேரங்களையும் வீணாக்காதீர்கள். பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியை எடுத்து எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் அத்தியாயங்களை ஒரு முறை போட்டு முடியுங்கள். கூடவே முதல் தொகுதியில் முக்கோணவியல் சூத்திரங்கள். பிறகு பிளஸ் டூ புத்தகத்தில் எட்டாவது, ஒன்பதாவது அத்தியாயங்கள். பகுதி வகையிடல், சமபடித்தான சார்பு, யூலர் தேற்றம், முறையற்ற தொகையீடுகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. கல்லூரியில் மூன்றாவது, நான்காவது யூனிட்டுகளில் வருவதில் கணிசமான பகுதி இதுதான். பொதுத்தேர்வுக்கு இவற்றை அவசரமாகத் தாண்டி வந்தவர்கள்கூட இப்போது நிதானமாகப் படித்தால் வகுப்பில் தலை நிமிர்ந்து உட்காரலாம்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாடநூல் கழகத்தின் கணக்குப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரிசையில், ஒரே கணக்குகளோடு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த கணக்கை ஆங்கிலப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். கணக்கு உங்களுக்குத் தெரியும். எழுதும் பழக்கம்தான் வர வேண்டும், அது சில வாரங்களில் வந்துவிடும். வகுப்பில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் டவுட் கேட்பதைப் பார்த்து மிரள வேண்டாம். தமிழிலேயே கேளுங்கள், பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷமாகவே விளக்குவார்கள்.

இனி மார்க் விஷயம். செமஸ்டர் தேர்வு 3 மணி நேரம், 100 மார்க். பகுதி ‘அ’-வில் பத்து டூ மார்க், யூனிட்டுக்கு இரண்டு. பகுதி ‘ஆ’-வில் ஐந்து சிக்ஸ்டீன் மார்க், யூனிட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இதை எழுது அல்லது அதை எழுது என்ற சாய்ஸ் அந்த யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘அஞ்சாவது யூனிட்டை விட்டுடு மச்சான், நாலு யூனிட் போதும்’ என்று ஹாஸ்டலில் சொல்வார்கள். ஒரு யூனிட்டை விட்டால் முழுசாக 20 மார்க் போய்விடும். மிச்சமிருக்கும் 80-இல் எந்தத் தடுமாற்றத்துக்கும் இடமில்லாமல் எழுத வேண்டியிருக்கும். இந்த 100 மார்க் 60-ஆகக் குறைக்கப்பட்டு, இன்டர்னல் 40-உடன் சேரும். மொத்தத்தில் 50 வேண்டும், அதோடு செமஸ்டர் பேப்பரில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். இன்டர்னல் 20 என்றால் பேப்பரில் 50 எடுத்தாக வேண்டும். இன்டர்னல் 35 இருந்தாலும் 45-க்குக் கீழே போனால் அரியர்தான். ஆகவே இன்டர்னலை அலட்சியம் செய்யவும் கூடாது, அதையே நம்பியிருக்கவும் கூடாது.

எல்லோரும் விடத் துடிக்கும் அந்த ஐந்தாவது யூனிட்டைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். இரட்டைத் தொகையீடு, தொகையிடும் வரிசையை மாற்றுவது, போலார் ஆயங்கள், மும்மைத் தொகையீடு. பார்த்தாலே பயமாக இருக்கும். ஆனால் மொத்தப் பேப்பரிலும் படம் ஒன்றைச் சரியாகப் போட்டுவிட்டால் மீதி தானாக வரும் யூனிட் இது.

பழைய கொஸ்டின் பேப்பர்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ் 0 முதல் முடிவிலி வரை, ஒய் எக்ஸ் முதல் முடிவிலி வரை. உள்ளே மேலே ஈ-யின் அடுக்கு மைனஸ் ஒய், கீழே ஒய். கொடுத்த வரிசைப்படி முதலில் ஒய்-க்குத் தொகையிடப் போனால் அந்தக் கோவைக்கு நமக்குத் தெரிந்த எந்த விடையும் கிடையாது. அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறார்கள். இங்கே நிறைய பேர் செய்வது: எழுத்தை மட்டும் இடம் மாற்றி, ஒய் 0 முதல் முடிவிலி, எக்ஸ் ஒய் முதல் முடிவிலி என்று எழுதிவிடுவது. அது வேறு பகுதி, கோட்டுக்குக் கீழே இருப்பது.

பென்சிலை எடுங்கள். ஆதியிலிருந்து 45 டிகிரியில் ஒய் சமம் எக்ஸ் கோடு. ஒய் எக்ஸிலிருந்து மேலே போகிறது என்றால், நமக்கு வேண்டிய பகுதி அந்தக் கோட்டுக்கும் ஒய் அச்சுக்கும் நடுவில் இருக்கிறது. அதை நிழலிடுங்கள். கொடுத்த கணக்கில் ஸ்ட்ரிப், அதாவது பகுதியை வெட்டும் மெல்லிய பட்டை, செங்குத்தாக நின்றது. இப்போது படுக்கையாக ஒரு ஸ்ட்ரிப் வரையுங்கள். அது எங்கே தொடங்குகிறது? ஒய் அச்சில், அதாவது எக்ஸ் 0. எங்கே முடிகிறது? கோட்டில், அதாவது எக்ஸ் சமம் ஒய். இப்படி ஸ்ட்ரிப்புகளை அடுக்கினால் ஒய் 0 முதல் முடிவிலி வரை போகிறது. இனி முதலில் எக்ஸுக்குத் தொகையிட வேண்டும். உள்ளே எக்ஸே இல்லை, ஆகவே முழுக் கோவையும் மாறிலி. ஸ்ட்ரிப்பின் நீளம் ஒய், அதனால் பெருக்கினால் கீழே இருந்த ஒய் அடிபட்டுப் போகிறது. மிச்சம் ஈ-யின் அடுக்கு மைனஸ் ஒய். 0 முதல் முடிவிலி வரை அதன் தொகை 1. விடை 1, அவ்வளவுதான்! எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். தொகையிடவே முடியாத ஒன்று, பார்க்கும் திசையை மாற்றியதும் மூன்று வரியில் முடிகிறது.

இதைப் படித்ததும் புரிந்துவிட்டது என்று தோன்றும். தோன்றியதும் நோட்டை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் முதல் வரியிலிருந்து நீங்களே போடுங்கள். யூடியூப் வீடியோ பார்த்துப் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வீடியோவில் அவர் படம் போடுகிறார், அவர் லிமிட் (தொகையீட்டின் தொடக்க, முடிவு எல்லைகள்) எடுக்கிறார், நாம் தலையாட்டுகிறோம். தேர்வில் லிமிட் எடுக்க வேண்டியது நாம். கணக்கை அவர் எழுதியதும் வீடியோவை நிறுத்தி, படத்தையும் லிமிட்டையும் நீங்கள் எழுதிய பிறகு ஓட விடுங்கள். தொகையீட்டைக்கூட அன்று முடிக்க வேண்டாம். பத்துக் கணக்குக்கு வெறும் படமும் லிமிட்டும் மட்டும் எடுத்துப் பழகினாலே இந்த யூனிட் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

மற்ற யூனிட்டுகளுக்குச் சுருக்கமாக. முதல் யூனிட் மேட்ரிக்ஸ். அதன் முறை மாறாதது, ஆனால் நீளமானது. ஐகன் மதிப்புகளைக் கண்டதும் அவற்றின் கூடுதல் மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலுக்குச் சமமா, பெருக்கற்பலன் அணிக்கோவை மதிப்புக்குச் சமமா என்று சரிபார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். இங்கே ஒரு குறி தவறினால் இரண்டு பக்கம் வீணாகும். இரண்டாவது யூனிட்டில் சார்பு தொடர்ச்சியாக இருக்க மாறிலிகளைக் காண்பதும், பெருமம் சிறுமம் காண்பதும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் ஜேகோபியன், லக்ராஞ்சி முறை. நான்கில் பகுதித் தொகையிடலும் பகுதிப் பின்னமும். வரையறுத்த தொகைக்கு வந்த விடையை வீட்டில் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் சரிபார்த்துப் பழகுங்கள்.

‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’ என்று கடைசி வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தாளை எந்த மாதிரிக் கணக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளலாம். மனப்பாடம் செய்ய வேண்டாம், எண் மாறினால் கைகொடுக்காது.

அரியர் விழுந்திருந்தால் தள்ளிப்போடாமல் அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள். இரண்டாவது செமஸ்டர் கணக்கு புள்ளியியலும் எண்ணியல் முறைகளும், அங்கே கால்குலஸ் டச் விட்டுப்போகும். மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு மூன்றாவது செமஸ்டரில் ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் வருகின்றன. அங்கே முதல் நாளிலிருந்தே பெர்னோலி சூத்திரமும் (பகுதித் தொகையிடலைச் சுருக்கமாகச் செய்யும் வழி) பகுதி வகையிடலும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார்கள்.