ஏழு ஆசான்மாரைத் தெரிவு செய்ய நாங்கள் பட்ட பாடு

போன ஓகஸ்ட் 25 எங்கட கழகம் வன்னியில இருக்கிற மூத்த தற்காப்புக்கலை ஆசான்மார் ஏழு பேரை கௌரவிச்சது. விழா முடிஞ்சு கனநாள் ஆகிட்டுது, ஆனா அந்த விண்ணப்பப் போர்மை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. வேற ஊரில ஆரும் இப்பிடிச் செய்ய வெளிக்கிட்டா எங்களை மாதிரி அலையக்கூடாது, அதுக்குத்தான் எழுதுறன்.

காசு சிக்கல் இல்லை, வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் அனுப்பினவை. பிழைச்சது தெரிவில. வேறொரு விருதுக்கு அடிச்ச போர்மை எடுத்து பேரை மட்டும் மாத்திக் குடுத்திட்டம். சான்றிதழ், பயிற்சி எடுக்கேக்க பிடிச்ச படம், பேப்பரில வந்த செய்தி, பிறப்புச் சான்றிதழ், ஜீஎஸ் (கிராம சேவகர்) கையெழுத்து எண்டு அஞ்சு இணைப்பு. கராத்தே ஆக்கள் ஒரு கிழமையில கொண்டந்து தந்திட்டினம், அவைக்கு டான் எண்ட கறுப்புப்பட்டித் தரச் சான்றிதழ் இருக்கு. சிலம்படி ஆசான்மாரிட்ட இருந்து ஒண்டும் வரேல்லை. 2009 இல யுத்தத்துக்குள்ளால உடுத்த உடுப்போட வட்டுவாகல் பாலம் தாண்டி வந்த சனத்திட்ட பழைய படம் கேட்டா அதுகள் எங்க போறது? நாங்களும் அந்தப் பாலத்தால வந்தனாங்கள்தானே, அப்பிடி இருந்தும் போர்ம் அடிக்கேக்க ஒருத்தருக்கும் இது தோணேல்லை.

குமுளமுனையில ஒரு அப்பு, 78 வயசு. அரியாத்தை ஆனை பிடிச்ச கதை சொல்லுற ஊர் அது. கலைஞர் எண்டு ஒரு கடிதம் எடுக்க அவரை மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு அலுவலகம் போனன். கிளார்க் பைலைப் பிரட்டிப் பாத்திட்டு, சீல் கையெழுத்துக்கு மேல விழேல்லை, திருப்பி அடிச்சுக்கொண்டு வாங்கோ எண்டார். ஜீஎஸ் அண்டைக்கு வெளிவேலைக்குப் போட்டார். ரெண்டாம் தரம் சீலோட போக, பிறப்புச் சான்றிதழ் வேணுமாம், அப்புவிட்ட இருந்த உத்தேச வயதுச் சான்றிதழ் காணாதாம். அப்பு வாங்கில இருந்து எழும்பி, "விடு மோனை, வெயில் ஏறுது, வீட்ட போவம்" எண்டார். கோவத்தில எனக்கு வாய் திறக்க ஏலாமப் போச்சு.

வீட்ட வந்து தேத்தண்ணி குடிக்கேக்க, அப்பு உங்கட கம்பு இருக்கோ எண்டு கேட்டன். "அது முள்ளிவாய்க்காலோட போட்டுது" எண்டவர், எழும்பிப் போய் வேலியோட சாத்திக் கிடந்த தடி ஒண்டை எடுத்தார். நிமிந்து நிண்டு நெத்தி மட்டத்துக்கு அளந்தார், மிச்சமா நிண்ட நாலு விரல்க்கட்டையை கத்தியால கொத்தி எறிஞ்சார், மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு சுழட்டத் தொடங்கினார். இடக்காலுக்குள்ள ஷெல் பீஸ் இன்னும் கிடக்கு, அந்தக் கால் இழுபடுது, ஆனா ஒரு காலடியும் பிசகேல்லை. தடி காத்தைக் கிழிக்கிற சத்தத்துக்கு கோழியெல்லாம் வேலிக்கு அங்கால ஓடிட்டுது. ஆறு நிமிசம் போன்ல எடுத்தன்.

அண்டு பின்னேரம் முள்ளியவளையில கடை வச்சிருக்கிற ஒரு அண்ணைக்கு, ஆரெண்டு சொல்லாம, முகம் தெரியாத துண்டை மட்டும் காட்டினன். "உது அப்புன்ர மூண்டாம் வரிசையல்லோ, அந்த அடிமுறை! திரும்பேக்க முதுகுக்குப் பின்னால கம்பை மாத்துறது அவர் மட்டும்தான். அது பிடிபட முதல் நான் வாங்கின அடி கொஞ்சமே" எண்டார். இதை விட என்ன அத்தாட்சி வேணும்?

கூட்டத்தில பெரிய சண்டை. பேப்பர் இல்லாட்டி நாளைக்கு கேள்வி வரும் எண்டு ஒருத்தர் நிண்டார். நான் கராத்தே படிப்பிக்கிறவன், எழும்பிக் கேட்டன்: ஜூடோவைத் தொடக்கின ஜிகோரோ கானோ டான் குடுக்கத் தொடங்கினதே 1883 இல, கராத்தே ஆசான் புனகோஷி கராத்தேக்கு அதை எடுத்தது 1924 இல, அதுக்கு முதல் கராத்தே பிறந்த ஒகினாவாவில படிப்பிச்சவையிட்ட என்ன சான்றிதழ் இருந்தது, அவை ஆசான் இல்லையோ? அதோட போர்மைத் தூக்கி எறிஞ்சம். ஒரு வீடியோ, ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லாத ரெண்டு மாணவரின்ர சாட்சி, குழுவில ஒராள் வீட்ட போய்ப் பாக்கிறது, அவ்வளவுதான். தன்ர குருவின்ர பேர் வரேக்க குழு ஆள் வாக்குப் போடக்கூடாது, இதை முதலே எழுதி வையுங்கோ, எழுதாததால எங்களுக்குள்ள ரெண்டு பேர் இண்டைக்கும் கதைக்கிறேல்லை. கடைசியில நாலு சிலம்படி, மூண்டு கராத்தே.

1803 இல வன்னி அரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச நாள் எண்டுதான் விழாவுக்கு ஓகஸ்ட் 25 ஐ எடுத்தனாங்கள். முதல்நாள் நினைவுச்சின்னத்தைப் பிரிச்சா ஒருத்தரின்ர தகப்பன்ர பேர் பிழை, ராவோட ராவா வவுனியாவுக்கு ஓடி மாத்தினது. அச்சுக்குக் குடுக்க முதல் வீட்டுக்காரருக்கு ஒருக்கா காட்டிப்போடுங்கோ. ஒம்பது மணி எண்டு சொன்ன விழாவுக்கு பிரதம விருந்தினர் பத்தரை மட்டும் வரேல்லை, ஏழு பேரில நாலு பேர் சீனி வருத்தக்காரர், முன் வரிசையில காஞ்சுகொண்டு இருக்கினம். இனிக் காத்திருக்கேலாது எண்டு முதல்ல அவைக்கு சாப்பாடு குடுத்தம், பிறகு மாணவரையே மேடைக்குக் கூப்பிட்டு பொன்னாடை போர்க்க வச்சம். முள்ளியவளை அண்ணை காலில விழ, அப்பு தூக்கி நிமித்தி, பொன்னாடையை மடிச்சு கதிரையில வச்சிட்டு, "கம்பைக் கொண்டா" எண்டார். ரெண்டு பேரும் மேடையிலயே மூண்டாம் வரிசை பிடிச்சினம்.

விழா முடிஞ்ச அடுத்த நாள் ஒட்டுசுட்டானில இருந்து ஒரு அம்மா கோல் எடுத்தா. தகப்பன் தனக்கும் சிலம்படி பழக்கினவராம், தான் ஊர்ப் பெட்டையளுக்குச் சொல்லிக் குடுத்தவவாம், "எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை தம்பி" எண்டா. எங்கட பட்டியல் முழுக்க ஆம்பிளையள் எண்டது அப்பதான் எனக்கு உறைச்சது. அவவின்ர பேரை அடுத்த தரத்துப் பட்டியல் கொப்பியில முதலாவதா எழுதியாச்சு. வாற ஞாயிறு வீடியோ எடுக்கப் போறம்.